இரண்டாம் பலகை வரை

மணலில் கம்பம் நடுவது யாராலும் முடியும். நட்ட கம்பத்தை நிற்க வைப்பதுதான் வேலை. ஏட்டய்யா தம் சைக்கிளை மூலைக் கம்பத்தில் சாய்த்து வைத்திருக்கிறார். இருக்கட்டும், பத்துச் சைக்கிள் சாய்த்தாலும் அது அசையாது. ஏன் அசையாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் அய்யா. அது விளங்கிவிட்டால் என் மச்சான் மதார் செத்த விஷயமும் தானாக விளங்கும்.

என் பெயர் அப்துல் குத்தூஸ். உச்சிப்புளி ஸ்டேஷன் ரோட்டில் தையல் மெஷினும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் பழுது பார்ப்பவன். கடலுக்கும் எனக்கும் ஆகாது. முழங்கால் தண்ணீரில் நிற்கும் படகில் ஏறினாலே வாந்தி வரும். எங்கள் கடலோர ஊரான புதுமடத்தில் இப்படி ஒருவன் பிறந்தது அல்லாஹ்வின் தமாஷ் என்று ஊரில் சொல்வார்கள். அப்படிப்பட்ட என்னிடம் என் மாமனார் மவுத்தாகும்போது தம் வத்தையை விட்டுப் போனார். வத்தை என்றால் பாய் கட்டி ஓட்டும் பலகைப் படகு. என்னையும் மகன் மதாரையும் பொதுவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். மதார் அப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் இருந்தான். ஆகவே படகு முழுசாக என் வீட்டுக் கொல்லைக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் கரையில் படகுக்குக் கொட்டகை யாரும் கட்டுவதில்லை. மணலில் இழுத்துப் போட்டு நாலு கீற்றை மேலே எறிவார்கள். வெயில் பலகையைப் பிளக்கும், மழை மட்கச் செய்யும், தண்ணீரிலேயே விட்டால் புழு துளைக்கும். நான் மூன்றுக்கும் சேர்த்து யோசித்தேன். ஐம்பத்தேழாம் வருஷக் கோடையில் எட்டுப் பனங்கம்பங்கள் நட்டேன். மணலில் குழி தோண்டினால் தோண்டத் தோண்டச் சரியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. மேலும் கீழும் வெட்டித் திறந்த தார்ப் பீப்பாயை மணலில் நிறுத்தி, அதற்குள்ளிருந்து மணலை அள்ள வேண்டும். அள்ள அள்ளப் பீப்பாய் தானே இறங்கும். ஓரம் சரியாது. தண்ணீர் தட்டும் வரை போய், அடியில் ஒரு தட்டைக் கல்லைப் போட்டு, கம்பத்தை இறக்கி, நயினார்கோவில் பக்கமிருந்து வண்டியில் கொண்டுவந்த களிமண்ணையும் ஓட்டுச் சில்லையும் சாண் சாணாகப் போட்டு இடித்தேன். பிறகு பீப்பாயை மேலே உருவிக்கொண்டு அடுத்த குழிக்குப் போனேன். எழுதிக்கொள்ளுங்கள், ஏட்டய்யா. உங்கள் வீட்டுக்குத் தாழ்வாரம் இறக்கும்போது உதவும்.

மேலே பனையோலை, மூன்று அடுக்கு. கிழக்கும் மேற்கும் திறந்தே விட்டேன். காற்றும் போலீஸும் ஒன்றுதான், தப்பாக நினைக்க வேண்டாம். முன்வாசலில் விட்டுப் பின்வாசலில் போக வழி வைத்தால் எதையும் உடைக்காமல் போய்விடும். போன ஐப்பசியில் அடித்த காற்றில் பள்ளிவாசல் பந்தலே பறந்தது. என் கொட்டகையில் ஓர் ஓலை நகரவில்லை. வீட்டுக் கூரை மட்டும் ஐந்து இடத்தில் ஒழுகியது. அதைப் பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை. என் மனைவி குல்சும் பாயைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்து படகின் பக்கத்தில் படுத்தாள்.

“நானும் படகாப் பொறந்திருந்தா இவுக என்னைய நல்லா வச்சிருந்திருப்பாக” என்று தெருவெல்லாம் சொன்னாள். அது உண்மைதான்.

மதார் இந்த வருஷம் தை மாதம் கொழும்பை விட்டு வந்தான். நல்லவன். வாய்தான் சும்மா இருக்காது. கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றினான். கம்பத்தைத் தட்டிப் பார்த்தான்.

“என்ன மச்சான், பந்தலு போட்டாச்சு, மாப்பிள்ளையும் உள்ள படுத்திருக்காரு. நிக்காஹ் எப்ப?”

“வெயில் படாம இருக்கத்தான்” என்றேன்.

“கடல்ல போற சாமானுக்கு நெழலு எதுக்கு? அடுத்து மீனுக்குக் கொடை பிடிப்பீகளோ?”

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று முதல் ஊரில் எனக்கு ‘மீன்கொடை’ என்று பெயர். தையல் மெஷின் கொண்டுவருகிறவர்கள்கூட “மீன்கொடை கடை எங்கன இருக்கு?” என்று வழி கேட்டு வந்தார்கள். அதற்காக நான் எதுவும் செய்யவில்லை. அதைத் தனியாக எழுதிவிடுங்கள்.

ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தான்.

“மச்சான், தொண்டியில வீடு பாத்துட்டேன். சாமானையெல்லாம் வத்தையில ஏத்திக்கிட்டுப் போறேன். வத்தை இனி அங்கனயே கெடக்கட்டும். ஒங்களுக்குத்தான் கடலு ஒத்துக்காதே.”

“கொட்டகை?” என்று கேட்டேன்.

“ஆடு கட்டுங்க. ஆட்டுக்கு வாந்தி வராது.”

அந்தக் கொட்டகையின் நீளம் வத்தையின் நீளம். அதன் வயிற்று வளைவுக்குத் தகுந்த மாதிரி நடுக் கம்பங்களை ஒரு முழம் தள்ளி நட்டிருக்கிறேன். வேண்டுமானால் அளந்து பாருங்கள். வத்தை போய்விட்டால் அது வெறும் எட்டுக் கம்பம். இதை நான் அவனிடம் வாதாடவில்லை. நியாயப்படி பாதிப் படகு அவனுடையது.

இந்த இடத்தில் கொட்டகையின் ஒரே குறையைச் சொல்ல வேண்டும். காற்று நன்றாக ஓடும். ஒரு வருஷத்துக்கு மேல் தண்ணீர் படாத பலகை அந்தக் காற்றில் காய்ந்து சுருங்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் அடைத்த பஞ்சும் குங்கிலியமும் பிடி விடும். காகிதம் நுழைகிற அளவுக்குச் சந்து விழும். பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு நாள் கரையோரத் தண்ணீரில் படகை மூழ்க வைத்தால் பலகை தண்ணீர் குடித்து உப்பும், சந்து தானே மூடிக்கொள்ளும். இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே சொல்தான், ஊறுவது. அரிசிக்கும் அதுதான், படகுக்கும் அதுதான். நெடுநாள் கிடந்த படகில் ஏறுகிறவன் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: ஊறிருச்சா?

மதாருக்குத் துணி தெரியும், பலகை தெரியாது. “நீங்களே பாத்து ஊறப் போடுங்க மச்சான்” என்று என்னிடம் விட்டான். நான் ஆள் கூட்டி வத்தையைக் கரையில் இறக்கினேன். மூழ்க வைக்கவில்லை. உள்ளே தண்ணீர் ஊற்றினேன், அடியிலிருந்து இரண்டாம் பலகை வரை. இரண்டு நாள் அப்படியே விட்டு இறைத்தேன். அதற்கு மேலே இன்னும் நாலு பலகை இருக்கிறது. அவற்றுக்கு மீன் எண்ணெய் தடவினேன். எண்ணெய் தடவிய காய்ந்த பலகை, ஊறிய பலகை மாதிரியே கறுத்து இருக்கும். பார்வைக்கும் அழகு.

இது எப்படி வேலை செய்யும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வெறும் படகு முதல் பலகை வரைதான் அமிழும். கரையில் நிற்கும்போது ஒரு சொட்டு உள்ளே வராது. பாரம் ஏற்றினாலும் இரண்டாம் பலகையின் விளிம்போடு நிற்கும். பாயில் காற்றுப் பிடித்தால் ஒரு பக்கம் சாயும். அந்தப் பக்கத்தில் நாலாம் பலகையும் ஐந்தாம் பலகையும் தண்ணீருக்குள் போகும். சந்து திறந்திருப்பது அப்போதுதான் தெரியும். அதற்குள் கரை தூரமாகியிருக்கும்.

வத்தையை ஓட்டப் பாம்பனிலிருந்து ஹாஜா முகைதீன் புறப்படுகிற அன்று காலையில்தான் வந்தான். விவரமான ஆள். உள்ளே எட்டிப் பார்த்தான். அடியில் ஈரமே இல்லை. இருந்தாலும், “நல்லா ஊறிருச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க காக்கா” என்று மதாரிடம் சொன்னான்.

மதார் தண்ணீரில் நின்றபடி என்னைப் பார்த்துக் கத்தினான். “மச்சான், ஊறிருச்சா?”

“ஊறிருச்சு” என்றேன்.

எதுவரை என்று அவன் கேட்கவில்லை.

சாமான் ஏற்ற நானும் கை கொடுத்தேன். இரண்டு இரும்புப் பெட்டி, ஒரு நிலைக்கதவு, அரிசி மூட்டைகள், கடைசியில் நாலு பேர் தூக்கிய ஆட்டுக்கல். ஆட்டுக்கல் ஏறியதும் இரண்டாம் பலகையின் மேல் விளிம்பு தண்ணீரைத் தொட்டது. நான் நினைத்திருந்த அளவுக்கு ஒரு விரல்கூட வித்தியாசம் இல்லை. மதார் என்னைக் கட்டிப்பிடித்து ஸலாம் சொன்னான். “ஒரு தடவை தொண்டிக்கு வாங்க மச்சான், பஸ்ஸுல” என்றான். எல்லோரும் சிரித்தோம்.

ஹாஜா உங்களிடம் சொன்னதில் பொய் இல்லை. பாம்பன் ஓரத்துக் குந்துகாலுக்கு இந்தப் பக்கம், மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று பாயில் ஏறியதும் படகு சாய்ந்திருக்கிறது. நாலாம் பலகைச் சந்தில் தண்ணீர் வரிசையாக வந்திருக்கிறது. மதார் தலைத் தொப்பியைக் கழற்றி அதால் அள்ளினானாம். ஹாஜா இரண்டு கையாலும் அள்ளினானாம். ஆட்டுக்கல்லைத் தள்ளப் பார்த்து முடியவில்லை. ஹாஜா துடுப்பைப் பிடித்து மிதந்து ஒரு பாம்பன் படகில் ஏறினான். மதாருக்கு நீச்சல் தெரியாது. இது எனக்கு அவன் நிக்காஹ் நாளிலிருந்தே தெரியும். மாப்பிள்ளையைக் கடலில் தூக்கிப் போடுவோம் என்று கூட்டாளிகள் விளையாடியபோது அவன் அழுதுவிட்டான். மூன்றாம் நாள் கரை ஒதுங்கினான். ஜனாஸாவை நான்தான் முன்னின்று எடுத்தேன்.

குல்சும் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள். அவள் அடுப்படியிலிருந்து “உளுந்து ஊறிருச்சா?” என்று கேட்டாளாம். நான் அவளுக்குப் பதில் சொன்னேனாம். மதார் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டானாம். கெட்டிக்காரி. கூடப் பிறந்தவனை அடக்கம் செய்த ஏழாம் நாள் உட்கார்ந்து இவ்வளவு யோசித்திருக்கிறாள். நீங்கள் வருவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நீங்க வாயத் தொறக்காம இருங்க. ஒருத்தனைப் பறிகொடுத்தது போதும் எனக்கு.” ஆனால் எங்கள் அடுப்படிக்கும் கரைக்கும் நடுவில் முந்நூறு கெஜம் இருக்கிறது. அடுப்படியில் கத்தினால் கரையில் கேட்காது. நீங்கள் நடந்து பார்த்தாலே தெரிந்துவிடும். உளுந்தும் அன்று வீட்டில் இல்லை. நிற்காத ஒன்றை முட்டுக் கொடுத்து நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. அந்த வரியை அடித்துவிடுங்கள்.

ஆனால் கொலை என்று எழுதாதீர்கள். நான் நினைத்தது இவ்வளவுதான். கொஞ்சம் தண்ணீர் புகும். மதார் பயப்படுவான். பாயைத் திருப்பிக்கொண்டு ஊருக்கே வருவான். வத்தை கொட்டகைக்கு வந்துவிடும். அல்லாஹ் மீது ஆணையாக வேறு எண்ணம் இல்லை. இழுத்து ஏற்றுவதற்கான உருளைக்கட்டைகளைக்கூட சாயங்காலம் அஸர் தொழுகை வரை கரையிலேயே போட்டு வைத்திருந்தேன்.

தண்ணீர் இறைக்கப் படகில் ஒரு பட்டைகூட இல்லை என்று ஹாஜா சொல்லியிருக்கிறான். அதுவும் சரிதான். பனையோலையில் நானே முடைந்த பட்டை, ஒரு முறைக்கு மூன்று படித் தண்ணீர் அள்ளும், பின்பலகைக்கு அடியில் கிடந்தது. ஆட்டுக்கல் ஏறிய பிறகு அதை மட்டும் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். புதுசு. வீணாகக் கடலோடு போக வேண்டாமே என்று பட்டது.