சந்தனம் பூசிய ஆயில் டப்பா

ஏற்காட்டு மழையில் தீப்பெட்டிகூட நமத்துப் போகும், இன்ஸ்பெக்டர் ஐயா. ஒயரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டீ ஆறுவதற்குள் குடியுங்கள். நானாக வந்தவன், எங்கும் ஓடிவிட மாட்டேன்.

என் பெயர் ஐயாக்கண்ணு. மாரமங்கலம் பக்கத்து எஸ்டேட்டில் மெக்கானிக். ஜீப்பும் ஜெனரேட்டரும் என் கை பட்டுத்தான் ஓடுகின்றன. எஸ்டேட்டுக்குள் இருக்கும் ஏரியை நீங்களே பார்த்தீர்கள். காப்பிப் பழம் பறிக்கும் பெண்களை அக்கரைக்குக் கொண்டுபோக முன்பு துடுப்புப் படகு இருந்தது. தொண்ணூற்றொன்றில் முதலாளி அதில் மோட்டார் மாட்டி, ஓட்டுவதற்கு மாதப்பனை வைத்தார். மாதப்பனுக்குத் தெரிந்ததெல்லாம் கயிற்றை இழுப்பதும் பல்லைக் காட்டுவதும்தான். அது போதும் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அந்த மோட்டாருக்கு ஆயில் தனி டப்பாவில். ஆயில் குறைந்தால் உள்ளே மிதவை இறங்கும், பஸ்ஸர் கத்தும். கத்திய பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும், மோட்டார் நின்றுவிடும். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மாதப்பனுக்குச் சொல்லியிருந்தேன்.

ஆடியில் மழை பிடித்ததும், டப்பா நிறைய ஆயில் இருக்கும்போதே பஸ்ஸர் கத்த ஆரம்பித்தது. மிதவையைக் கழற்றித் துடைத்தேன். சேலம் போய்ப் புதிது வாங்கிப் போட்டேன். பஸ்ஸரையே மாற்றினேன். வெயிலில் வாயை மூடிக்கொண்டிருக்கும், தூறல் விழுந்தால் கத்தும். ஒருநாள் படகுத்துறையில் பெண்கள் எல்லாரும் கூடையோடு நிற்கும்போது மாதப்பன் கேட்டான்.

“ஏனுங்க மெக்கானிக்கு, உங்க கொழந்த நொம்ப அழுவுதுங்களே. எடுத்து மடியில போட்டுத் தாலாட்டுப் பாடுங்க.”

அத்தனை பேரும் சிரித்தார்கள். பாவாயி என்பவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அன்று முதல் நான் தாலாட்டு மெக்கானிக். கடைவீதியில் சிக்கந்தர் பாய்கூட டீ ஆற்றிக்கொண்டே அப்படித்தான் கூப்பிட்டார். எனக்குக் கோபம் இல்லை. ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத ஜனங்களிடம் என்ன கோபம்.

புரட்டாசியில் கோளாறைக் கண்டுபிடித்தேன். டப்பாவிலிருந்து வரும் ஒயர் ஒரு கிளிப்புக்கு அடியில் உரசித் தோல் போயிருந்தது. ஈரம் பட்டால் கம்பியிலிருந்து கரண்ட் மோட்டார் பாடிக்குக் கசியும். பஸ்ஸருக்கு அது ஆயில் தீர்ந்த மாதிரி. விரல் நீளம் டேப் சுற்றினால் சரியாகிவிடும்.

சுற்றவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாதப்பனிடம் போனேன். “என்னால ஆவல மாதப்பா. அது பொய்க் கத்தல். கத்துனாக் கண்டுக்காம ஓட்டு. ஆயில் ஊத்துறத நான் பாத்துக்கறேன்.”

“அட, இதுக்குப் போயி வெசனப்படறீங்களே. உடுங்க,” என்று தோளில் தட்டிக் கொடுத்தான். அவன், என் தோளில்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. நம் ஜனங்களுக்கு இயந்திரத்தைக் கண்டால் பொட்டு வைத்தாக வேண்டும். டப்பா வெள்ளை பிளாஸ்டிக், ஆயில் எவ்வளவு என்று வெளியிலிருந்தே தெரியும். அந்த இடத்தில் நானே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தேன். பூஜைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள், அடுத்த பூஜை வரை விரல் படாது. மழை படாமல் பலகைக்கு அடியில் இருக்கும் டப்பா அது. அதன் பிறகு ஒயருக்கு டேப் சுற்றினேன். ஆயில் ஊற்றுவதை நிறுத்தினேன்.

மழையிலும் பஸ்ஸர் சும்மா இருந்தது. மாதப்பன் என்ன சொன்னான் தெரியுமா? “எல்லாம் பூஜ போட்ட ராசிங்க.” பாவாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டேப் சுற்றிய நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலிங்கு வழிந்தது. கலிங்கைத் தாண்டினால் பாறையும் பள்ளமும்தான். துடுப்புகளை மாதப்பன் என்றைக்கோ தன் வீட்டு அவரைப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டான். அன்று காலையில் பஸ்ஸர் கத்தியது.

“பழைய சீக்கு திரும்பிருச்சுங்க,” என்று தலைத்துண்டைச் சுருட்டி அதன்மேல் அமுக்கினான். போகிற போக்கில், “ஆயில் பாத்தீங்கதானுங்க?” என்றான்.

“நேத்தே பாத்தேன்,” என்றேன். பார்த்தது உண்மை. நான் பொய் பேசுகிறவன் இல்லை.

சாயங்காலம் கடைசி நடை திரும்பும்போது படகில் பாவாயியும் அவள் தங்கை அம்மணியும் இருந்தார்கள். நான் கரையில் குடையோடு நின்றேன். கலிங்குக்கு நேராக வந்தபோது பிஸ்டன் பிடித்து மோட்டார் நின்றது. தண்ணீர் படகை மெதுவாக இழுத்தது. மாதப்பன் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான், அப்போதும் அவனுக்குப் புரியவில்லை. அம்மணி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். என் காலடியில் படகு கட்டும் நீளக் கயிறு கிடந்தது. குனிந்து எடுத்தேன். சுருட்டிக் கொண்டுபோய் ஷெட்டில் மாட்டினேன். நனைந்தால் கயிறு வீணாகிவிடும்.

மூன்று பேரையும் மறுநாள் பாறைக்குக் கீழே எடுத்தீர்கள். விபத்து என்றும் முடித்துவிட்டீர்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நேற்று டீக்கடையில் சொல்கிறார்கள், பஸ்ஸர் கோளாறாம், கடைசி வரை அதைச் சரி செய்ய மெக்கானிக்குக்குத் துப்பில்லையாம். நீங்களும் தலையாட்டினீர்களாம்.

அந்த ஒயரைப் பிரித்துப் பாருங்கள், என் டேப் இருக்கும். அன்று கத்தியது நிஜக் கத்தல். மூன்று பேரையும் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், பஸ்ஸர் சரியாக வேலை செய்தது என்று எழுதுங்கள்.