சிட்னியா, சிகாகோவா

ஆடி முடிந்த முதல் திங்கட்கிழமை, நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருந்த லாரி உரிமையாளர் பக்கத்திலிருந்த தன் மைத்துனரிடம் சொன்னார்:

“பொண்ணைக் கட்டிக் குடுக்கறதுன்னா, நான் செத்தா எத்தனை மணி நேரத்துல வந்து சேருவான்னுதான் மொதல்ல பாக்கோணும்.”

“ஏனுங்க மச்சான், நல்ல காரியம் பேசறப்ப எதுக்குங்க இந்தப் பேச்சு?”

“நாளைக்குள்ள ரெண்டு மாப்பிள்ளை ஊட்டுல ஒருத்தருக்குச் சரின்னு சொல்லோணுமப்பா. ஒரு மாப்பிள்ளைக்கு வேலை சிட்னியில, இன்னொருத்தருக்குச் சிகாகோவுல. சென்னையிலிருந்து சிட்னி ஒம்பதாயிரம் கிலோமீட்டர். சிகாகோ பதிமூணாயிரத்துக்கும் மேல.”

“நேரம் எவ்வளவு ஆகுமுங்க?”

“சிங்கப்பூர்ல மாறி வாரதையும் சேத்து சிட்னிக்குப் பதினாலு, பதினஞ்சு மணி நேரம். சிகாகோன்னா முழுசா ஒரு நாள்.”

“நம்ம லாரியாட்டம் ரெண்டு டிரைவர் போட்டா நிக்காம வந்தரலாமுங்களே.”

“போட்டுத்தான் ஓட்டறாங்க. அப்பறம் சென்னையில எறங்கி நம்மூருக்குக் கார்ல ஆறு மணி நேரம். சிட்னின்னா அடுத்த நாளே என்னை எடுத்தரலாம். சிகாகோன்னா ஐஸ் பெட்டியில காத்துக் கெடக்கோணும்.”

“அப்பச் சிட்னியே பேசி முடிச்சிருங்க. புள்ளைகிட்டக் கேட்டீங்களா?”

லாரி உரிமையாளர் சன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினார்.

“கேட்டேன். எது தூரமோ அதையே பேசுங்கப்பான்னுட்டா.”