நீளக் குழாய் பாய்லர்

வில்லியனூர் ஸ்டேஷனில் புதுச்சேரி வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன். அதே பெஞ்சில் இரண்டு பெண்கள். மூத்தவள் திடீரென்று சொன்னதில் என் காது அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"எங்க வூட்டு மாடு வெந்நீர்லதான்டி குளிக்குது."

"இன்னாக்கா சொல்றே?" என்றாள் இளையவள்.

"போன தீபாவளிக்கு சைகோன்லேர்ந்து எம் மாப்ள வந்தாரு. எண்ணெ தேச்சிக்கினு உக்காந்திருக்காரு, மழையில வெறகு நனைஞ்சி அண்டாத் தண்ணி சூடேறவே இல்ல. மாப்ளய பச்சத் தண்ணியில குளிக்க வெச்சாங்கன்னு எதிர்வூட்டு ஓரகத்தி தெரு பூரா சொல்லிட்டா. மறு வாரமே பாண்டிக்குப் போயி செம்பு பாய்லர் வாங்கியாந்துட்டேன்."

"பெருசா?"

"கடக்காரன் பெருசத்தான் காட்டினான். நான் சின்னத எடுத்தேன். அதுக்குத்தான் பொகக்குழாய் நீளம். விடிஞ்சதும் பத்த வெச்சா ஓட்டுக்கு மேல பொக எழும்பும். ஓரகத்தி வாசல் தெளிக்க வந்தா, அதப் பாத்துதான் ஆவணும்."

"தெனமும் வெந்நீர்லயா குளிக்கிறீங்க?"

"உங்க மாமாவுக்கு வெந்நீரே ஆவாது. எனக்கு வெள்ளிக்கெழம மட்டுந்தான். மத்த நாளெல்லாம் மாட்டுக்கு ஊத்துறேன். ஒரு நாள் நிறுத்தினா, வெறகுக்கு வக்கில்லன்னு சொல்லுவாளே!"

இளையவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. வண்டி வந்ததும் எழுந்தபடி கேட்டாள்.

"அந்தக் குழாய இன்னும் கொஞ்சம் நீட்டிப் பண்ணித் தருவானாக்கா? எதிர்ல இருக்குற எங்க நாத்தனா வூடு மாடி வூடு."