எண்ணெய் கேனில் செய்த பெட்ரோல் டேங்க்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி. கணவர் மடியில் பெரிய மஞ்சள் பை. ஆலப்பாக்கம் தாண்டியதும் அந்த அம்மா வெடித்தார்.

“எண்ணெய் கேன்ல பைக்குக்கு பெட்ரோல் டேங்க் செஞ்ச ஆளு ஊர்லயே நீதான்யா!”

“கத்தாத. உப்புக்காத்துல தகர டேங்க் ரெண்டு வாட்டி ஓட்டையாயிடுச்சி. பிளாஸ்டிக்னா துரு புடிக்காது.”

“துரு புடிக்காது, தீ புடிக்கும். அதுமேல புள்ளைய வேற உக்கார வெச்சிக்கினு போற!”

“அதான் கழட்டிட்டேனே. மெக்கானிக்க விட்டு நல்ல டியூபா போடத்தான் எடுத்தாறேன்.”

கேன் அந்த மஞ்சள் பையில்தான் இருக்கிறது. உடனே எனக்குப் பெட்ரோல் நாற்றம் அடிக்க ஆரம்பித்துவிட்டது. பீடிகூடக் குடிக்காத நான், சட்டைப்பையில் தீப்பெட்டி இருக்கிறதா என்று மூன்று முறை தடவிப் பார்த்தேன். அவசர ஜன்னலைத் தேடியதில் பக்கத்துக்காரர் காலை மிதித்தேன்.

“உள்ள இருந்த பெட்ரோல் எங்க?” என்றார் அந்த அம்மா.

“அடுப்படியில ஒரு காலி தூக்குவாளி இருந்திச்சி. அதுல ஊத்தி மூடி வெச்சிட்டேன்.”

அந்த அம்மா பதறிப்போய், வீட்டிலிருந்த தங்கைக்குப் போன் போட்டார்.

“செல்வி, அடுப்பப் பத்த வெக்காத! அந்தத் தூக்குல பெட்ரோல் இருக்குடி!”

அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

“என்னா சொல்லுது?” என்றார் புருஷன், மெதுவாக.

“மோந்து பாத்து, அப்பவே தூக்கி வெளிய வெச்சிட்டாளாம். வீட்டுக்கு வா, உன்னையும் வெளிய வெக்கிறேன்.”