போண்டாவின் உண்ணிகள்

— இல்லப்பா, முடிவு பண்ணியாச்சு. என்கூடப் படிச்ச நிரஞ்சன் இப்ப வண்டி எடுத்துண்டு வந்து போண்டாவை அழைச்சுண்டு போயிடுவான். அடையாறுல அவா ஆத்துல எவ்ளோ பெரிய தோட்டம். நாய் நன்னா இருக்கும்.

— வத்சு, ஒரு நிமிஷம் கேளேன்.

— உன் ஒரு நிமிஷம் அரை மணி ஆகும். காபியைக் குடி, ஆறிண்டிருக்கு.

— அம்மாகிட்ட சொன்னியா?

— சொன்னாப் புரியவா போறது? டாக்டர்ட்ட அழைச்சுண்டு போனேன். கை ரெண்டும் முழங்கை வரைக்கும் பொறி பொறியாத் தழும்பு. உண்ணிக் கடின்னா இந்த வயசுல காய்ச்சல் கண்டா தாங்காது, நாயை முதல்ல வெளில அனுப்புங்கோன்னுட்டார்.

— உண்ணிக் கடின்னு அவரா சொன்னாரா, நீ சொன்னியா?

— நான்தான் சொன்னேன். பின்னே வேற என்னவா இருக்கும்? இப்பவும் எட்டிப் பாரு. கொல்லைல துவைக்கற கல்லு மேல உக்காந்துண்டு அதைத்தான் பண்ணிண்டிருக்கா. போண்டா மடில தலையை வெச்சுண்டு படுத்திருக்கு. ஒவ்வொண்ணா எடுக்கறா, கொட்டாங்கச்சில மண்ணெண்ணெய்ல போடறா. அதுல கருப்பு கருப்பா மிதக்கறதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டறது.

— காலம்பர எழுந்ததுலேர்ந்து அவளுக்கு அதானே வேலை. சபா கேன்டீன் பின்னாடி எச்சல் இலைக்கு நடுவுல கிடந்ததை முந்தானைல சுத்திண்டு வந்தா பாரு, அன்னிலேர்ந்து இதே கதைதான். குட்டியா, உருண்டையா, அப்பவே உடம்பு பூரா உண்ணி. போண்டாக்கு மேல கசகசா தூவின மாதிரி இருக்குன்னு அவதான் பேர் வெச்சா.

— தெரியும்ப்பா. இந்தக் கதையை மாத்தி மாத்திச் சொல்லி என்னைக் கரைக்கப் பாக்காதே.

— வேப்பெண்ணெய் தடவினோம், பவுடர் போட்டோம், மாட்டாஸ்பத்திரில குடுத்த மருந்துல குளிப்பாட்டினோம். எங்கே போச்சு? அவன் மேலேர்ந்து இறங்கி செவுத்து இடுக்குல ஏறிண்டுது. கடைசில அம்மா கைதான் மருந்துன்னு ஆச்சு.

— அதனாலதானே போன வருஷம் மார்கழிக் கச்சேரி சீசனுக்கு வந்தப்ப அந்தச் சொட்டு மருந்தைக் கொண்டு வந்தேன்? கழுத்துக்குப் பின்னாடி முடியை விலக்கி, தோல்ல படறாப்பல விட்டுக் காமிச்சேன். அப்பறமும் நியூ ஜெர்சிலேர்ந்து யார் மெட்ராஸ் கிளம்பினாலும் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பாக்கெட் குடுத்து அனுப்பறேன். மாசம் ஒரு தடவை. அதைக் கூட உன்னால பண்ண முடியலேன்னா நான் என்ன செய்யறது?

— பண்ணினேனே. நடுவுல ஒரு மாசம் தவிர விடாமப் போட்டிருக்கேன். அவன் நாக்கு எட்டாத எடத்துல, நீ சொல்லிக்குடுத்த மாதிரியே.

— அப்பா, பொய் சொல்லாதே. போட்டா உண்ணி எப்படி வரும்? லாஜிக்கே இல்லையே.

— நீ கொட்டாங்கச்சியைக் கிட்ட போய்ப் பார்த்தியா?

— நான் எதுக்குப் பாக்கணும்? சின்ன வயசுலேர்ந்து எனக்கு உண்ணின்னா அருவருப்புன்னு தெரியாதா உனக்கு?

— நேத்து அவ எடுத்ததை இந்த ஜன்னல்ல வெச்சிருக்கேன். இந்தா. ஒண்ணே ஒண்ணு எடுத்து நசுக்கு.

— ப்ளீஸ்ப்பா.

— நசுக்கும்மா. அதுக்கு அப்பறம் நிரஞ்சன் வரட்டும், நான் வாயைத் திறக்கலே.

— கஷ்டம்டா சாமி. வழுக்கறது.

— நகத்தால அழுத்து. ரத்தம் வரதா?

— இல்லே. உள்ள என்னமோ வெள்ளையா இருக்கு. இரு, கண்ணாடி போட்டுக்கறேன். இதுக்குக் காலே இல்லையே. அப்பா, இது ஏதோ விதைன்னா?

— பப்பாளி.

— என்னது?

— கிணத்தடி மரத்துப் பப்பாளி. நறுக்கினா உள்ள வழவழன்னு இருக்குமே, அப்படியே எடுத்து வெச்சா முடில ஒட்டிக்கும். ஈரம் காஞ்சுதுன்னா அசல் உண்ணிதான். அம்மா குளிக்கப் போற நேரமாப் பார்த்து ஒட்டி விட்டுடுவேன். காது மடல்ல, கழுத்துப் பட்டைக்கு அடில, விரல் இடுக்குல. உண்ணி எங்கெங்க ஒளிஞ்சுக்குமோ அங்கங்க. போண்டாவும் அசையாம நிப்பான். கூட்டுக் களவாணி.

— உனக்கென்ன பைத்தியமா?

— ஒரு நிமிஷம், நான் முடிச்சுடறேன். நீ மருந்து போட்டுட்டுப் போனியோல்லியோ, கொஞ்ச நாள்லயே அவன் மேல பேருக்கு ஒரு உண்ணி இல்லே. ராத்திரி பூரா வரக்கு வரக்குன்னு சொறிஞ்சுண்டு கிடப்பானே, அது நின்னு போய் குறட்டை விட ஆரம்பிச்சுட்டான். உனக்கு ஃபோன்ல கூடச் சொன்னேன்.

— சொன்னே. அவ்ளோ சந்தோஷமாச் சொன்னே.

— அம்மாவைப் பத்திச் சொல்லலே. அவ வழக்கம்போல உக்காந்து தேடினா. தலைலேர்ந்து வால் வரைக்கும். ஒண்ணும் அகப்படலே. திரும்ப முதல்லேர்ந்து தேடினா. சாப்பிட வாடின்னா, 'இருங்கோ, கொழந்தையைப் பூச்சி பிடுங்கறது, எடுத்துட்டு வரேன்'னா. அவளுக்கு சமையல் மறந்துது, கோலம் மறந்துது, புடவை கட்டிக்கக் கூட மறந்துது. இது ஒண்ணைத்தான் கை மறக்காம வெச்சிருந்தது, வத்சு. அதுலயும் ஒண்ணும் இல்லேன்னு ஆனதும், தன் கையில தேட ஆரம்பிச்சுட்டா.

— தன் கையிலயா?

— மச்சம், மரு, கொசு கடிச்ச தடிப்பு, எல்லாம் அவளுக்கு உண்ணியாத் தெரிஞ்சுது. நகத்தால கிள்ளிக் கிள்ளிக் கொட்டாங்கச்சில போட்டா. நான் கையைப் பிடிச்சுண்டா, விடுங்கோ விடுங்கோன்னு அழறா. நீ டாக்டர்ட்ட காட்டினியே தழும்பு, அது எந்த உண்ணியும் கடிச்சது இல்லே.

— அப்பா...

— அரிசில கல்லைக் கலந்து முறத்தைக் குடுத்துப் பார்த்தேன். தள்ளி வெச்சுட்டா. முறம் வந்து மடில தலை வெச்சுக்குமா?

— எனக்கு ஏன் சொல்லலே?

— என்னன்னு சொல்லுவேன்? நீ அனுப்பற மருந்து பிரமாதமா வேலை செய்யறது, அதனால அம்மா கை புண்ணாயிடுத்துன்னா? அவ்ளோ தூரத்துல தனியா உக்காந்துண்டு நீ அழணும், அதானே.

— மருந்தை நிறுத்தியிருக்கலாமேப்பா. உண்ணி தானா திரும்பி வந்திருக்குமே.

— அதையும் பண்ணினேன். ஒரு மாசம் தவிரன்னேனே, அதுதான். திரும்பவும் ஏறிடுத்து. அம்மாவுக்கு வேலை கிடைச்சுது, வாஸ்தவம். ஆனா அந்த வாயில்லா ஜீவன் சோறு தொடலே, ஈறு வெளுத்துப் போச்சு. இவளுக்காக அவனை உண்ணி கடிக்க விடறது மகா பாவம் இல்லையா? மறுபடி சொட்டு விட்டேன். அவ மறுபடி வெறும் கையோட உக்காந்தா.

— அப்பதான் பப்பாளியா?

— தானா நடந்தது. பக்கத்தாத்து மீனாட்சிக்குக் குடுக்கலாம்னு பழம் நறுக்கிண்டிருந்தேன். விதை ஒண்ணு தெறிச்சு போண்டா முதுகுல ஒட்டிண்டுது. அம்மா பார்த்துட்டா. எடுத்தா. வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தா. அப்பறம் என்னைப் பார்த்தா. கொட்டாங்கச்சில போட்டுட்டு ஒரு சிரிப்பு சிரிச்சா பாரு, கல்யாணமான புதுசுல சிரிச்ச மாதிரி. அன்னிலேர்ந்து அவ கையில ஒரு புதுக் காயம் கிடையாது.

— உனக்குப் பப்பாளின்னாலே ஆகாதே.

— இப்ப மூணு வேளையும் அதான் ஆகாரம். நறுக்கின பழத்தைத் தூக்கிப் போட மனசு வருமா? மரத்துல காய் இல்லேன்னா தண்ணித்துறை மார்க்கெட்டுக்கு நடக்கறேன். அந்தக் கடைக்காரன், 'இன்னா சாமி, தெனம் பப்பாளியே வாங்கிக்கினு போறே, வவுறு எதுனா ராங்கா கீதா'ங்கறான். ஆமாம்ப்பான்னு சொல்லி வெச்சிருக்கேன்.

— சிரிக்க வெக்காதேப்பா. என்னால முடியலே.

— போண்டாவை அனுப்பிடாதே, வத்சு. அவன் போயிட்டா அவ கைக்கு அவளேதான் மிச்சம். நான் யார்கிட்டயும் எதுவும் கேட்டது இல்லே. இதைக் கேக்கறேன்.

— எங்கயும் போக மாட்டான். ஹாரன் கேக்கறது, நிரஞ்சனாத்தான் இருக்கும். நான் போய்ச் சொல்லிடறேன்.

— இந்த மூஞ்சியோட வாசலுக்குப் போகாதே. நான் பேசிக்கறேன். ஒரு வாய் காபி குடுத்து, வந்ததுக்கு ஒரு பப்பாளியும் குடுத்து அனுப்பறேன். நீ கொல்லைப்பக்கம் போய் அம்மாகூட உக்காரு.

— அப்பா, ஒண்ணே ஒண்ணு. இவ்ளோ மறந்தும் என்னை மறக்கலே பாரேன். ஏர்போர்ட்லேர்ந்து வந்து வாசப்படி ஏறறேன், 'வாடி வத்சு'ன்னா. பிளேன் பூரா பயந்துண்டே வந்தேன், தெரியுமா? அந்த ஒரு வார்த்தைல எல்லாம் போயிடுத்து.

— ம். போம்மா. போய் உக்காரு.

— அம்மா, நானும் உக்காந்துக்கட்டுமா?

— உக்காரு, உக்காரு. கல்லு ஈரமா இருக்கும், துணியைப் பாத்துக்கோ.

— இன்னிக்கு நிறைய அகப்பட்டுதா?

— நிறைய. இதோ பாரு, காதுக்குள்ள ஒண்ணு ஒளிஞ்சுண்டிருக்கு. இருடா சமத்து. ஆச்சு, ஆச்சு. வலிக்காது. வாசல்ல என்ன பேச்சுக் குரல்?

— நிரஞ்சன் வந்திருக்கான். சும்மாத்தான். கிளம்பிடுவான்.

— நீ ஏன் அழறே?

— நான் எங்கே அழறேன்?

— அழறே. இந்தா, என் தலைப்புல துடைச்சுக்கோ. எங்காத்து மாமா ஏதாவது சொல்லிட்டாரா? மனசுல வெச்சுக்காதே. நல்ல மனுஷர். அதிர்ந்து பேசத் தெரியாது.

— மாமாவா? அப்பா ஒண்ணும் சொல்லலேம்மா.

— உன்னைப் பார்த்தா நல்ல பொண்ணாத் தெரியறது. அதனால சொல்றேன், அவர் காதுல போட்டுடாதே. இது உண்ணியே இல்லே.

— அம்மா?

— மெதுவா. எல்லாம் பப்பாளி விதை. நான் குளிக்கப் போறப்ப ஒட்டி வெக்கறார். கதவிடுக்கு வழியாப் பார்த்திருக்கேன். முட்டி வலியோட தரையில உக்காந்துண்டு, வாய்க்குள்ள என்னமோ ஸ்லோகத்தை முணுமுணுத்துண்டு, ஒவ்வொண்ணா. பாவம், அவருக்கும் பொழுது போகணுமே.

— உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?

— எப்பலேர்ந்துன்னெல்லாம் கேட்டா எனக்கு வராது. கையில எடுத்தாத் தெரியாதா, கால் இருக்கா இல்லையான்னு? ஆனா நான் ஒண்ணொண்ணா எடுக்க எடுக்க அவர் முகத்துல ஒரு களை வரது. அதுக்காகவே எடுக்கறேன்.

— அம்மா, உன் கையைக் குடு. நான் பிடிச்சுக்கறேன்.

— மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்கும்.

— பரவால்லே.

— அவர் எதைச் சொன்னாலும் நான் செஞ்சுடுவேன். எனக்கு அதுல என்ன கஷ்டம்? நீ பெட்டியோட வாசல்ல வந்து நின்னியே, அப்பவும் பின்னாடி நின்னுண்டு, 'வாடி வத்சுன்னு சொல்லு, சொல்லு'ன்னு காதுல சொன்னார். சொன்னேன். அவருக்கும் சந்தோஷம், உனக்கும் முகம் எப்படி மலர்ந்துது.

— அம்மா...

— சரி, அவர் வரதுக்குள்ள சொல்லு. நிஜமா உன் பேரு என்னம்மா?