செகண்ட் ரெஃப்ரி

— இன்னும் கொஞ்சம் இழுங்க, பிரின்ஸி அப்பா. நெட்டு நடுவுல தொங்குது.

— தொங்கட்டும். என் பத்தொம்பது வருச சர்வீஸ்ல தொங்காத வாலிபால் நெட்ட நான் பாத்ததில்ல.

— மூணு மணிக்கு ஃபைனலு. ஆளுங்க இப்பவே வர ஆரம்பிச்சாச்சு. கோல வச்சு அளந்தா மூணு சென்டிமீட்டர் கொறையுது.

— மேல நிக்கிற ஃபர்ஸ்ட் ரெஃப்ரி நீ சொன்னா அப்பீலே கெடையாது. இந்தா, இழுத்துக் கட்டியாச்சு. வேற ஏதும் ஆர்டர் உண்டுங்களா, மேடம்?

— எத்தன நாளைக்குத்தான் இந்த மேடம்? போன ஞாயித்துக்கெழமை செமிஃபைனல் முடிஞ்சதுல இருந்து செல்வமேரிங்கிற பேரே ஒங்க வாயில வரல.

— ஊரே மேரியக்கா, மேரியக்கான்னு கத்துது. நான் ஒருத்தன் கூப்புடலைன்னா கொறஞ்சா போயிருவ?

— இதுக்குப் பேரு வயித்தெரிச்சலு.

— யாருக்கு? எனக்கா? என் பொண்டாட்டி மேல எனக்கு வயித்தெரிச்சலா? நல்லாருக்கே கத! டெம்போ ஸ்டாண்டுல போயி எவன வேணாலும் கேட்டுப் பாரு. குடும்பத்தையே ரெஃப்ரி ஆக்குன ஒரே டிரைவரு இந்த ஆக்னல்தான்னு சொல்லுவான்.

— அத நான் இல்லைங்கல. நீங்கதான் கூட்டியாந்தீங்க. பெரும்பாறையில, ஆரஞ்சுத் தோட்டத்துக்குப் பக்கத்து கிரவுண்டுல, ஸ்கோர் எழுதுற புள்ள வரலைன்னு என்னயப் புடிச்சு டேபிள்ல உக்கார வச்சீங்க.

— நீ சோத்துக் கேரியரத் தூக்கிக்கிட்டு வந்து நின்ன. ஹாஸ்டல்ல அறுவது பொம்பளப் புள்ளைங்களுக்கு அட்டெண்டன்ஸ் எழுதுற மேட்ரனாச்சே, நீ கட்டம் கட்டமா எழுதுவன்னு உக்கார வச்சேன்.

— நான் சோறு குடுக்கவா வந்தேன்? வாரா வாரம் வீட்டுக்கு வந்ததும், ஜெயப்பிரியா அருமையா ஸ்கோர் எழுதுறா, ஜெயப்பிரியா கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னு சொல்லுவீங்களே, ஞாபகம் இருக்கா? யாரு அந்த முத்துன்னு ஒரு தடவ பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்.

— சேசுவே! இத்தன வருசம் கழிச்சுச் சொல்றியே!

— வந்து பாத்தா அவ நாற்காலி காலியாக் கெடக்கு. நான் உக்காந்தேன். இனிமே இதுல இருந்து எந்திரிக்கவே கூடாதுன்னு முடிவு பண்ணித்தான் உக்காந்தேன்.

— அப்ப வயித்தெரிச்சல்ல ரெஃப்ரி ஆனவ நீ.

— ஆமா. நான் ஒத்துக்கிட்டேன்ல? நீங்களும் ஒத்துக்கோங்க.

— ஒத்துக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. அது கெடக்கட்டும், ஒனக்குக் கொடி புடிக்கச் சொல்லிக் குடுத்தது யாரு?

— நீங்கதான்.

— பந்து கோட்டுல பட்டா உள்ள, கோட்ட விட்டு ஒரு இஞ்சு தள்ளுனா வெளியன்னு, சவாரி இல்லாத நேரமெல்லாம் டெம்போவுக்குள்ளயே உக்கார வச்சுப் பாடம் எடுத்தது யாரு?

— நீங்கதான்.

— பிரின்ஸி கையில லைன் கொடியக் குடுத்தது?

— அதுவும் நீங்கதான். இப்ப அதுக்கெல்லாம் என்ன?

— ரெஃப்ரி கிரேடு பரிச்சைய நான் மூணு தடவ எழுதுனேன். நீ ஒரே தடவையில பாஸ் பண்ணிட்டு வந்து, 'லேசாத்தாங்க இருந்துச்சு'ன்ன.

— லேசாத்தான் இருந்துச்சு. வேற என்ன சொல்லச் சொல்றீங்க?

— கஷ்டமா இருந்துச்சுன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லிருக்கலாம்ல? இங்க பாரு மேரி. நீ அந்த ஏணி ஸ்டாண்டு மேல ஏறி நிக்கிற. நான் எதுத்தாப்புல தரையில நிக்கிறேன். அண்ணாந்து பாத்தா மொதல்ல ஒன் ஷூவுதான் தெரியுது. அந்த ஷூவ மூஞ்சிக்கல்லு பஜாருல வாங்கிக் குடுத்தவனும் நான்தான்.

— நீங்க இத்தன வருசம் மேல நின்னப்ப, கீழ நின்ன சிவமுருகன் அண்ணன் ஒங்க ஷூவத்தான பாத்தாரு? அவரு கோவிச்சுக்கிட்டுச் சோறு திங்காமயா கெடந்தாரு?

— சிவமுருகன் என் பொண்டாட்டி இல்ல.

— மம்மி! டாடி! கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன், ப்ளீஸ். கந்தம்மாள் அத்தை கடையில இருக்குற அத்தன பேரும் டீயக் குடிக்காம இங்கயே பாக்குறாங்க.

— பாக்கட்டும் பிரின்ஸி. ஒங்கம்மாவப் பாக்கத்தான வந்துருக்காங்க.

— போங்க டாடி. நான் நாலு பக்கமும் சுண்ணாம்பு போட்டு முடிச்சுட்டேன். கூக்கால் டீம் ஜீப்புல வந்து எறங்கிட்டாங்க. ராஜமுருகன் அண்ணன் ஒங்களக் கேட்டாரு.

— என்னன்னு கேட்டான்?

— 'ஒங்கப்பா இன்னைக்கும் கீழதான?'ன்னு. சும்மா சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு, டாடி.

— பாத்தியா மேரி? பாத்தியா?

— பிரின்ஸி, நீ போயி கொடிங்கள எடுத்து வையி. வெரசாப் போ.

— ஓகே மம்மி. நீங்க சண்ட போடாதீங்க. அவ்வளவுதான் சொல்லுவேன்.

— போயிட்டாளா? இப்பச் சொல்லு. நேத்து மொளச்ச பய, எவன் என் விசிலுக்கு முன்னாடி கைகட்டி நின்னானோ, அவன் என்னப் பாத்துச் சிரிக்கிறான். எதுனால? ஆயிரம் பேரு முன்னாடி நான் ஊதுன விசில நீ கைய ஆட்டி, 'இல்ல'ன்னுட்ட.

— அது தப்பு விசிலுங்க.

— எனக்கே சொல்றியா?

— ஆமா, சொல்றேன். அஞ்சாவது செட்டு. பெரும்பாறை பதினாலு, கூக்கால் பதிமூணு. பெரும்பாறைப் பையன் அடிச்ச பந்து நெட்டுல போயி மோதுச்சு. பந்து தள்ளுன தள்ளுல நெட்டு புடைச்சு வந்து அந்தப் பக்கம் நின்ன ராஜமுருகன் நெஞ்சுல முட்டுச்சு. அவன் போயி நெட்டத் தொடல. நெட்டுதான் வந்து அவனத் தொட்டுச்சு. அது தப்பு கெடையாதுன்னு டெம்போவுல வச்சு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்.

— அது கெடக்கட்டும்.

— எப்படிக் கெடக்கும்? நீங்க ஊதுனது நின்னுருந்தா அந்தப் பாயிண்டோட மேட்ச் முடிஞ்சுருக்கும். பெரும்பாறை செயிச்சுருக்கும். கூக்கால்ல இருந்து இருக்குற ஒரே பஸ்ஸப் புடிச்சு வெள்ளனே கெளம்பி வந்த பயலுக, செய்யாத தப்புக்குத் தோத்துப் போயிருப்பானுங்க.

— என்னக் கூப்புட்டு ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல? 'என்னங்க, என்ன பாத்தீங்க'ன்னு?

— கேட்டேனே. மேல இருந்து கையக் காட்டிக் கேட்டேன். நீங்கதான் மொகத்தத் திருப்பிக்கிட்டீங்க.

— கூட்டம் கைதட்டுச்சு மேரி. எனக்கில்ல, ஒனக்கு. கந்தம்மாள் கடையில ஒருத்தன் கேக்குறான், 'வீட்லயும் இதே ரூல்ஸ்தானா ஆக்னலு?'ன்னு. எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிக்கிறாங்க. ஒரு வாரமா நான் அங்க டீக் குடிக்கப் போகல. சவாரிய ஏத்திக்கிட்டு வேற ரோட்டுல சுத்திப் போறேன்.

— எனக்குத் தெரியாதா? ஹாஸ்டல்ல எறக்கி விடக்கூட நீங்க வரல. வில்பட்டி வீட்ல இருந்து வாரம் பூரா பஸ்ஸுல தொங்கிக்கிட்டுத்தான் வேலைக்குப் போனேன். கேரட்டு மூட்டைக்கு நடுவுல நின்னுக்கிட்டு.

— ஸ்டேட் லெவல் ரெஃப்ரி பஸ்ஸுல போனா என்ன?

— குத்தாதீங்க. செவ்வாக்கெழமை காலையில எந்திரிச்சு வந்து பாக்குறேன், அடுப்படியில முக்காலி மேல ஏறி நிக்கிறீங்க. விசில் இல்ல. வெறும் கை. இப்படி நீட்டுறீங்க, அப்படி மடக்குறீங்க. நான் பாத்தது தெரிஞ்சதும், பரண்ல உப்பு ஜாடி தேடுறேன்னீங்க.

— உப்பு ஜாடிதான் தேடுனேன்.

— உப்பு ஜாடி அடுப்புக்குப் பக்கத்துல இருந்துச்சு.

— நீ எல்லாத்தயும் பாத்துருவ. ஒன்கிட்ட இருந்து எதுவும் தப்பாது.

— அந்த முக்காலியில ஒங்களப் பாத்ததும் எனக்கு அழுகையா வந்துச்சு. எறங்கிக்கிறேன்னு சொல்லிரலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சேன். பெறகு நெனச்சேன், ஏன் சொல்லணும்? அந்த ஏணியில நிக்கும்போது எனக்குச் சந்தோசமா இருக்கு. அறுவது புள்ளைங்களுக்குத் தல சீவி, சோத்துத் தட்டு எண்ணி, பேன் மருந்து தடவிக் கெடக்குற எனக்கு, ஒரு மணி நேரம் பன்னெண்டு ஆம்பளைங்க என் விசிலக் கேட்டு நிக்கிறாங்க. அத நான் ஏன் விடணும்?

— நான் விடச் சொன்னேனா?

— வாயால சொல்லல.

— சரி, நான் விட்டுர்றேன். இன்னைக்கு நான் நிக்கல. முட்டி வலின்னு வேல்ராஜுகிட்டச் சொல்லிட்டேன்.

— செக்ரட்டரிகிட்டயா? எப்பச் சொன்னீங்க?

— காலையில பூச முடிஞ்சு வெளிய வந்ததும்.

— அவரு என்ன சொன்னாரு?

— பதறிப் போயிட்டாரு. 'என்ன வெளையாடுறியா ஆக்னலு? திண்டுக்கல்லுல இருந்து ரெஃப்ரிங்களப் பாக்க அப்சர்வர் வர்றாரு, நீ கட்டாயம் நிக்கணும்'னு கையப் புடிச்சுக்கிட்டாரு. எனக்குத் தெரியாதா எதுக்குன்னு? அப்சர்வர் ஒன்னப் பாக்க வர்றாரு. நீ மேல நின்னு ஊதணும்னா கீழ ஒரு ஆளு வேணும்ல? அதுக்கு நான்.

— என்னப் பாக்க வர்றாருன்னு வேல்ராஜ் அண்ணன் சொன்னாரா?

— அவரு வேற சொல்லணுமாக்கும்! என் சர்வீஸ்ல என்னப் பாக்கன்னு ஒரு அப்சர்வரும் மல ஏறி வந்ததில்ல. நீ ஏணியில ஏறி நாலு மாசம் ஆகல, வர்றாரு. பாப்பாரு. புடிச்சுப் போகும். திருச்சி, சென்னைன்னு கூப்புடுவாங்க. நீ போயிருவ. நான் இங்கயே ஏரியச் சுத்திக்கிட்டு, 'சார், இதுதான் சார் தூண் பாற'ன்னு காட்டிக்கிட்டுக் கெடப்பேன். ஒன்ன இந்த கிரவுண்டுக்குக் கூட்டிட்டே வந்துருக்கக் கூடாது.

— பெரிய வார்த்த சொல்லிட்டீங்க.

— வாயில வந்துருச்சு. விடு.

— நான் ஒண்ணு கேக்குறேன். உண்மையச் சொல்லணும். அந்த விசில ஏன் ஊதுனீங்க?

— மிஸ்ட்டு எறங்குச்சு. சரியாத் தெரியல.

— அன்னைக்கு நல்ல வெயிலு. கந்தம்மாள் டீய விட்டுட்டு மோரு வித்துச்சு.

— மேரி, விட்டுரேன்.

— விட மாட்டேன். என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க.

— ஒன் மொகத்தப் பாத்ததுதான் வெனையாப் போச்சு! நான் நெட்டப் பாக்கல. பந்தயும் பாக்கல. ஒன்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். விசில வாயில வச்சுக்கிட்டு மேல நிக்கிற. அம்புட்டுப் பேரும் ஒன் கை எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. நான் நின்னப்ப இப்படிப் பாத்தாங்களான்னு யோசிச்சேன். நெஞ்செல்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு. அந்நேரம் பந்து நெட்டுல மோதுன சத்தம் கேட்டுச்சு. ஒனக்கு முன்னாடி நான் ஊதிரணும்னு தோணுச்சு. ஊதிட்டேன். ஊதுன பெறகுதான், எதுக்கு ஊதுனேன்னு தேடி, நெட்டுன்னு கையக் காட்டுனேன்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். வயித்தெரிச்சல்தான். கட்டுன பொண்டாட்டி மேல வயித்தெரிச்சல். ஒத்துக்கிட்டேன், போதுமா?

— கண்ணத் தொடைங்க. கடையில பாக்குறாங்க.

— சுண்ணாம்பு பட்டுருச்சு.

— இந்தாங்க, தண்ணி. மொகத்தக் கழுவுங்க.

— மேரி.

— இப்பத்தான் பேரு வருது. சொல்லுங்க.

— நான் நிக்கிறேன். முட்டிக்கு ஒண்ணும் இல்ல. வேல்ராஜுகிட்டப் போயிச் சொல்லிர்றேன். ஒன்னப் பாக்கன்னு ஒரு மனுசன் மல ஏறி வர்றப்ப, அவரு முன்னாடி ஒன்ன நான் விட்டுக்குடுத்தா மனுசனே இல்ல. நெட்டு, நடுக்கோடு எல்லாத்தயும் கீழ நின்னு சுத்தமாப் பாத்துக் குடுக்குறேன். ராஜமுருகன் சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறான். நீ தைரியமா ஊது.

— ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இத மறச்சு வச்சுக்கிட்டு ஒங்கள அங்க நிக்க வைக்க எனக்கு மனசு வரல.

— என்னது?

— அன்னைக்கு மேட்ச் முடிஞ்சதும் நீங்க கோவத்துல டெம்போவ எடுத்துட்டுப் போயிட்டீங்க. நான் டேபிள்ல உக்காந்து ரிப்போர்ட்டு எழுதுனேன்.

— ஃபர்ஸ்ட் ரெஃப்ரிதான எழுதணும். அதுல என்ன?

— செகண்ட் ரெஃப்ரி பந்தப் பாக்கல, என்னயே பாத்துக்கிட்டு இருந்தாரு, பாக்காமலே ஊதுனாருன்னு எழுதுனேன்.

— மேரி!

— மேல நின்னா ஒங்க கண்ணு எங்க இருக்குன்னு நல்லாவே தெரியுதுங்க. ரெண்டு தடவ அடிச்சுட்டு எழுதுனேன். கூக்கால் பயலுக பக்கத்துல நின்னுதான் ஜெர்சிய மாத்திக்கிட்டு இருந்தானுங்க. அவனுங்க மொகத்தப் பாத்துக்கிட்டு என்னால வேற எழுத முடியல.

— வேல்ராஜு படிச்சாரா அத?

— படிச்சாரு. மறுநாளே திண்டுக்கல்லுக்கு அனுப்பிட்டாரு.

— அப்ப, இன்னைக்கு வர்ற அப்சர்வரு...

— என்னப் பாக்க வரலைங்க. இனிமே ஒங்க கையில விசிலக் குடுக்கலாமா வேணாமான்னு பாக்க வர்றாரு.