வாளித் தண்ணீரும் மறுகரை வீடும்

தூக்குப்பாலத்தின் தோழரே! துருவுக்கு ஒருநாளும் தலைவணங்காத தூயவரே! முப்பத்தெட்டு ஆண்டுகள் பாலத்தை இயக்கி இன்று பணிநிறைவு பெறும் பெருந்தகையே! எங்கள் வாய்க்குப் பழகிய பெயரில் சொன்னால், வாளி ஐயாவே! வணக்கம்.

தங்களைவிட மூத்தது நம் பாலம். வெயில் ஏறினால் இரும்பு விரிந்து, தூக்கிய பாலம் இறங்கிப் பொருந்த மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். படகு வருமுன்பே ஆற்றுநீரை அள்ளி, இணைப்பில் பன்னிரண்டு வாளி ஊற்றிக் குளிரவைத்த பின்னரே விசையில் கைவைக்கும் தங்கள் பொறுமையை என்னென்று புகழ்வோம்! பாலம் லேசாக முனகினாலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவீர்கள். வீட்டில் துணைவியார் கூப்பிட்டால் மட்டும் தங்களுக்குக் காது கேட்காதாம். அவர்களே சொன்னார்கள்.

ஐயா, புகழ்ந்துவிட்டு மட்டும் போக எங்களுக்கு மனம் வரவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன், தங்கள் அக்கா மகளின் திருமண நாளில், தூக்கிய பாலம் இரண்டு மணி நேரம் இறங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இக்கரையில் வெயிலில் நின்றார்கள். முகூர்த்தம் தவறியது; தாய்மாமனே கல்யாணத்தை நிறுத்தினான் என்று பேச்சாயிற்று. தாங்கள் "என் தப்புதான்" என்றீர்கள். அன்று அடைபட்ட, மறுகரையிலுள்ள அக்கா வீட்டுப் பச்சைக் கதவு தங்களுக்கு இன்றுவரை திறக்கவில்லை. இயக்கும் அறையின் சன்னலிலிருந்து தினமும் அதைப் பார்த்துக்கொண்டே பணிசெய்தீர்கள்.

அன்று தண்ணீர் ஊற்றும் முறை, இம்மடலை எழுதும் என்னுடையது. ஐந்து வாளியோடு "போதும்" என்று நிறுத்தியவன் நான். அப்போது எனக்குத் தற்காலிக வேலை. உண்மை தெரிந்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அதற்காகவே தாங்கள் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஐயா.

நேற்று நாங்கள் அனைவரும் அந்த வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். தங்கள் அக்கா முதலில் எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். நியாயம்தான். பிறகு, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அவன்?" என்று அழுதார். நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "நாளைக்கு வரச் சொல்லுங்க. பாலத்தை எறக்கி வச்சிட்டு வரச் சொல்லுங்க."

நலமும் வளமும் நீங்காது, துணைவியார் கூப்பிடுவது காதில் விழும் தொலைவிலேயே தாங்கள் நூறாண்டு வாழ வேண்டும்! இம்மடலைச் சட்டமிட்டு மாட்டுவது நாளைக்கு ஆகட்டும். கடைசிப் படகு போய்விட்டது. பாலம் இறங்கிப் பொருந்தியிருக்கிறது. மதியம் நானே ஊற்றினேன், ஐயா. பன்னிரண்டு வாளி.

போய் வாருங்கள். அக்கா காத்திருக்கிறார்.

என்றும் தங்கள் அன்பில்,
தூக்குப்பாலப் பணியாளர்கள்